கொலிஜ் பதிவுக் காலம்: ஆலோசகர் எப்போது தயாராகிறார், நீங்கள் எப்போது போக வேண்டும்

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்து அகதிக் கோரிக்கை கொடுத்திருக்கும் எங்கட ஆட்கள் பலருக்குப் படிப்பு ஞாபகம் வருவது செப்டெம்பர் மாதத்தில்தான். தெருவில் பிள்ளைகள் புத்தகப் பையோடு போவதைக் கண்ட பிறகுதான் "நானும் இங்கிலீஷ் வகுப்புக்குப் போக வேணும்" என்று புறப்படுகிறார்கள். கொலிஜ் வாசலில் நீளமான வரிசை. ஒன்றரை மணித்தியாலம் நின்று உள்ளே போனால் பத்து நிமிசத்தில் பதில் கிடைக்கும்: வகுப்பு நிறைந்துவிட்டது, பெயரை எழுதிவிட்டுப் போங்கள். சிலருக்கு அதைவிட மோசமான பதில்: உங்களுக்குத் தகுதி இல்லை. அதோடு மனம் விட்டு வீட்டில் இருந்துவிடுகிறார்கள். ஒரு வருடம் போய்விடுகிறது.

இந்த இரண்டு பதிலுமே பல நேரங்களில் முடிவான பதில் அல்ல. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆலோசகர் இந்தப் பதிவுக் காலத்துக்கு மாதக்கணக்கில் தயார் செய்கிறார். அவர் எதை, எப்போது தயார் செய்கிறார் என்று தெரிந்தால் நீங்கள் எந்த நேரத்தில் எதைக் கையில் கொண்டு போக வேண்டும் என்பதும் விளங்கும். (இங்கே சொல்லும் விதிகள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இருப்பவர்களுக்கு விதிகள் வேறு.)

ஆலோசகர் யார், யார் அல்ல

ஊரில் உயர்தரம் எழுதி, இசட் புள்ளி பார்த்து, எந்தப் பல்கலைக்கழகம் என்று கொழும்பிலிருந்து முடிவு வரும்வரை காத்திருந்து பழகியவர்கள் நாங்கள். இங்கே அப்படி மேலேயிருந்து ஒருவரும் இடம் பிரித்துத் தரமாட்டார்கள். நீங்களே தெரிய வேண்டும், நீங்களே கேட்க வேண்டும். அதற்கு உதவி செய்யத்தான் ஒவ்வொரு கொலிஜிலும் மாணவர் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். எந்த வகுப்பு பொருத்தம், யார் பணம் கட்டுவது, எந்தத் தாள்கள் தேவை, பயணச் செலவுக்கு உதவி உண்டா என்பதெல்லாம் அவர்களின் வேலை.

அவர் ஹோம் ஒபிஸ் ஆள் அல்ல. சிலர் கொலிஜில் பெயர் கொடுத்தால் கேஸ் பழுதாகிப் போகும் என்று பயந்து போகாமலே இருக்கிறார்கள். படிப்பதற்குத் தடை போடப்படாதவர் வகுப்புக்குப் போவதால் கேஸுக்குப் பாதிப்பு வராது. அதேபோல அவர் உங்கள் சொலிசிற்றரும் அல்ல. உங்கள் அகதிக் கேஸைப் பற்றி அவரிடம் ஆலோசனை கேட்காதீர்கள். நல்ல மனதோடு ஏதாவது சொல்லக்கூடும், ஆனால் அதைச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. கேஸ் விசயம் சொலிசிற்றரிடம் அல்லது பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரிடம் மட்டும்.

அவர்களுடைய வருடம் எப்படிப் போகிறது

எங்களுக்கு வருடம் செப்டெம்பரில் தொடங்குகிறது. ஆலோசகருக்கு அது இளவேனிலிலேயே தொடங்கிவிடும். அடுத்த வருடத்துக்கு எத்தனை வகுப்பு, ஒவ்வொன்றிலும் எத்தனை இடம் என்று கொலிஜ் கணக்குப் போடும். இப்போது படிக்கும் மாணவர்களில் எத்தனை பேர் அடுத்த படிக்குப் போகிறார்கள் என்று எண்ணுவார்கள். அவர்களுக்கு ஒதுக்கியது போக மிச்சம் இருப்பதுதான் புதிதாக வருபவர்களுக்கு. ஆகவே இருபது பேர் வகுப்பு என்றால் இருபது இடமும் உங்களுக்காகத் திறந்திருக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

அடுத்து, வரும் கல்வி ஆண்டுக்கான அரசாங்கப் பண விதிகள் வெளிவரும். ஒவ்வொரு ஆண்டும் விதிகளில் சின்னச் சின்ன மாற்றம் இருக்கும். ஆலோசகர்கள் இருந்து அதைப் படித்து, எந்த விசாக்காரருக்கு எந்தக் கடிதம் கேட்பது என்று பட்டியல் தயாரிப்பார்கள். பல கொலிஜ்களில் ஜூன், ஜூலை மாதங்களிலேயே இங்கிலீஷ் மட்டச் சோதனை நாட்களை வைத்து, வந்தவர்களின் பெயரைப் பட்டியலில் ஏற்றிவிடுகிறார்கள். இதுதான் நீங்கள் போக வேண்டிய நேரம். ஆலோசகர் ஆறுதலாக இருந்து கதைப்பார், உங்கள் கடிதத்தை வடிவாகப் பார்ப்பார், தெரியாததைக் கேட்டுச் சொல்வார்.

ஓகஸ்டில் நிலைமை தலைகீழ். மாத நடுவில் ஒரு வியாழக்கிழமை உயர்தரப் பரீட்சை முடிவு வரும், அதற்கு அடுத்த வியாழன் பதினாறு வயதுப் பிள்ளைகளின் முடிவு. 2025 இல் இவை ஓகஸ்ட் 14, 21 ஆம் திகதிகளில் வந்தன. அந்த முடிவோடு பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பெற்றோரும் கொலிஜுக்கு வந்து குவிவார்கள். வேறு பகுதிகளில் வேலை செய்பவர்களையும் பதிவு மேசைக்கு இழுத்து வந்து இருத்துவார்கள். அப்படி இருத்தப்பட்டவருக்கு அகதிக் கடிதங்களைப் பற்றிப் பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். உங்கள் அட்டையைப் பார்த்தவுடன் "முடியாது" என்று சொல்வது இப்படிப்பட்ட நாட்களில்தான் கூட நடக்கிறது. அவரில் கோபப்பட்டுப் பயனில்லை. "அகதிக் கோரிக்கையாளர்களின் தகுதி தெரிந்த ஆலோசகரோடு ஒரு அப்பொயின்ற்மென்ற் தாருங்கள்" என்று கேட்டு, திகதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஆறு மாதக் கணக்கு

எங்கள் அலுவலகத்துக்கு வரும் கேள்விகளில் கூடுதலானது இதைப் பற்றித்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

19 வயதும் அதற்கு மேலும் உள்ள அகதிக் கோரிக்கையாளர், கோரிக்கை பரிசீலனையில் இருக்கும் நிலையில் ஆறு மாதம் இங்கே வாழ்ந்திருந்து இன்னும் முடிவு வராமல் இருந்தால், அரசாங்கப் பணத்தில் கொலிஜில் படிக்கத் தகுதி பெறுகிறார். நாட்டுக்குள் வந்த நாள் வேறு, கோரிக்கை கொடுத்த நாள் வேறு. கொலிஜ் பார்ப்பது இரண்டாவதை. அந்தத் திகதி உள்ள கடிதம் கையில் இல்லாவிட்டால் ஆலோசகர் கணக்குப் பார்க்க முடியாது.

கோரிக்கை மறுக்கப்பட்டவர்களுக்கும் வழி உண்டு. அப்பீல் போட்டு ஆறு மாதத்துக்குள் முடிவு வராவிட்டால், அல்லது பிரிவு 4 என்னும் உதவி கிடைக்கிறதானால், தகுதி கிடைக்கும். இதைத் தெரியாமல், "ரிஜெக்ட் ஆயிற்று, இனி என்ன படிப்பு" என்று இருந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

இனிக் கணக்கைப் பாருங்கள். ஒருவர் மார்ச் 20 ஆம் திகதி கோரிக்கை கொடுத்தார். ஆறு மாதம் செப்டெம்பர் 20 இல் நிறைகிறது. வகுப்பு செப்டெம்பர் 8 இல் தொடங்குகிறது. தகுதி பார்க்கப்படுவது வகுப்பு தொடங்கும் நாளில். ஆகவே பன்னிரண்டு நாள் குறைகிறது என்று அவரைத் திருப்பி அனுப்புவார்கள். இந்த இடத்தில்தான் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். ஆலோசகர் சொன்னது "இன்றைக்குத் தகுதி இல்லை" என்பது. இவர்கள் கேட்டது "அகதிக்குப் படிக்க ஏலாது" என்பது.

அந்த ஆள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. 20 ஆம் திகதிக்குப் பிறகு தொடங்கும் வேறு குழு இருக்கிறதா? இல்லையென்றால் ஜனவரியில் புது வகுப்பு தொடங்குமா? மட்டச் சோதனையை இப்போதே செய்து என் பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் போடுவீர்களா? மூன்றாவது கேள்வி முக்கியம். சோதனை முடிந்திருப்பவரைத்தான் இடம் வந்தவுடன் கூப்பிடுவார்கள்.

லண்டன், கிரேட்டர் மான்செஸ்டர் போன்ற இடங்களில் 2019 முதல் வயது வந்தோர் கல்விப் பணத்தை அந்தப் பிராந்திய நிர்வாகமே கையாளுகிறது. அதனால் ஒரு நகரத்தில் இருக்கும் மச்சானுக்குக் கிடைத்த பதில் இன்னொரு நகரத்தில் இருக்கும் உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்றில்லை. உங்கள் கொலிஜிலேயே கேளுங்கள்.

16 முதல் 18 வயது வரையான பிள்ளைகளுக்கு இந்த ஆறு மாதக் காத்திருப்பு இல்லை. அவர்களை வந்தவுடனேயே சேர்க்கலாம். அதற்கும் கீழே உள்ள பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டியவர்கள், அதற்கு உள்ளூர் கவுன்சிலைக் கேட்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டிய தாள்கள்

ஏ.ஆர்.சி. அட்டை, கோரிக்கை கொடுத்த திகதி உள்ள ஹோம் ஒபிஸ் கடிதம், உதவிப் பணம் கிடைப்பதற்கான கடிதம், விலாசத்தைக் காட்டும் ஏதாவது ஒன்று. ஹொட்டலில் அல்லது தங்குமிடத்தில் இருப்பவர்கள் தங்குமிடம் தந்த கடிதத்தைக் கொண்டு போகலாம். நெஷனல் இன்ஷுரன்ஸ் நம்பர் கேட்கும் கட்டம் போமில் இருக்கும். இல்லாதவர்கள் இல்லை என்று சொன்னால் போதும், அதற்காகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

பெயில் 201 என்ற கடிதத்தை மறக்க வேண்டாம். அதில் உங்களுக்குப் போடப்பட்ட நிபந்தனைகள் எழுதியிருக்கும். வேலை செய்யக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், படிப்பைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பலர் பார்ப்பதே இல்லை. "படிக்க அனுமதி இல்லை" என்று இருந்தால் வகுப்பில் சேர்வது நிபந்தனையை மீறுவதாகும். முதலில் சொலிசிற்றரிடம் காட்டி, அதை மாற்றக் கேட்க முடியுமா என்று பாருங்கள். கொலிஜுக்குப் போக முன்பு இந்தக் கடிதத்தை ஆருக்காவது வாசித்துக் காட்டச் சொல்லி விளங்கிக்கொள்வது நல்லது.

பெயரைப் பற்றி ஒரு சொல். எங்களுக்கு அப்பாவின் பெயர் முன்னுக்கு, எங்கள் பெயர் பின்னுக்கு. இங்கே அதைத் தலைகீழாக எழுதிவிடுகிறார்கள். ஏ.ஆர்.சி. அட்டையில் எது குடும்பப் பெயர் என்று போட்டிருக்கிறதோ, அதே ஒழுங்கில், அதே எழுத்தில் கொலிஜ் போமிலும் எழுதுங்கள். அட்டையில் பிழை இருந்தால் சொலிசிற்றர் மூலம் திருத்த வேண்டும், நீங்களாக ஒரு இடத்தில் ஒருமாதிரி, இன்னொரு இடத்தில் இன்னொருமாதிரி எழுத வேண்டாம். பிறந்த திகதியும் அப்படித்தான். எத்தனையாம் ஆண்டு படிப்பை நிறுத்தினீர்கள், எங்கே வேலை செய்தீர்கள் என்பதும் ஹோம் ஒபிஸில் சொன்னதும் கொலிஜில் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும்.

சாதாரண தரம், உயர்தரம் சான்றிதழ்கள் இருந்தால் கொண்டு போங்கள், போட்டோப் பிரதியும் பரவாயில்லை. இல்லாதவர்கள் இலங்கைப் பரீட்சைத் திணைக்களத்துக்கு எழுதி எடுக்கலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். அரசாங்கத்துக்குப் பயந்து வந்தவர் அந்த அரசாங்கத் திணைக்களத்துக்குத் தன் விலாசத்தோடு எழுதுவது சரியா என்பதை முதலில் சொலிசிற்றரிடம் கேளுங்கள். அவர் சொல்லும்வரை எழுத வேண்டாம். இங்கிலீஷ் வகுப்பில் சேர்வதற்குப் பெரும்பாலும் சான்றிதழ் தேவையே இல்லை.

மட்டச் சோதனை

ஈசோல் என்பது பிறமொழிக்காரருக்கான இங்கிலீஷ் வகுப்பு. என்ட்ரி 1, 2, 3, பிறகு லெவல் 1, லெவல் 2 என்று ஐந்து படிகள். என்ட்ரி 1 க்கும் கீழே எழுத்துத் தெரியாதவர்களுக்கான வகுப்பும் சில இடங்களில் உண்டு. சோதனையில் தோல்வி என்று ஒன்று கிடையாது. எந்தப் படியில் இருத்துவது என்று பார்ப்பது மட்டுமே.

எங்கட ஆட்களுக்கு இதில் ஒரு தனிப் பிரச்சினை. ஊரில் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்து, வாசித்து எழுதுவோம், ஆனால் காதால் கேட்டுப் பதில் சொல்வது கஷ்டம். நேர்முகத்தில் வாய் திறக்காததால் பட்டதாரியைக்கூட என்ட்ரி 1 இல் போட்டுவிடுகிறார்கள். கடைகளில் நின்று பேச்சைப் பிடித்தவர்களுக்கு இது மற்றப் பக்கமாக நடக்கிறது: கதை சரளம், எழுத்து வராது. ஆலோசகர் வாசிப்பு, எழுத்து, கேட்டல், பேச்சு எல்லாவற்றையும் தனித்தனியாகப் பார்க்கலாம். "எனக்கு வாசிப்பு நல்லது, பேச்சுத்தான் வராது" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

உறவினர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லதுதான், ஆனால் சோதனையில் அவர் பதில் சொல்லக்கூடாது. இங்கே பிறந்த தங்கச்சி போமை நிரப்பி, அக்கா லெவல் 1 வகுப்பில் போய் இருந்தால் இரண்டு கிழமையில் அக்கா வகுப்பை விட்டுவிடுவார். கொலிஜ் பதிவில் "இடையில் நின்றவர்" என்று எழுதுவார்கள், அடுத்த முறை இடம் கேட்பது கஷ்டமாகும்.

சொல்லிப் பழக சில வசனங்கள்

இவற்றை வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

"ஐ ஆம் அன் அசைலம் சீக்கர். ஐ வோண்ட் டு ஸ்டடி ஈசோல்." நான் அகதிக் கோரிக்கையாளர், ஈசோல் படிக்க விரும்புகிறேன்.

"குட் ஐ புக் அன் அசெஸ்மென்ற் பிளீஸ்?" மட்டச் சோதனைக்கு நேரம் தருவீர்களா?

"வில் யூ புட் மை நேம் ஒன் த வெயிட்டிங் லிஸ்ட்?" காத்திருப்போர் பட்டியலில் என் பெயரைப் போடுவீர்களா?

"குட் யூ ரைட் இட் டவுன் பிளீஸ்?" தயவுசெய்து எழுதித் தருவீர்களா? இந்தக் கடைசி வசனம் கொலிஜில் மட்டுமல்ல, டொக்டரிடம், கவுன்சிலில், எங்கேயும் உதவும்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையா என்றும் கேட்கலாம். எல்லாக் கொலிஜிலும் கிடைக்காது, ஆனால் கேட்காவிட்டால் எங்கேயுமே கிடைக்காது.

ரெலிபோன் நம்பர்

சின்ன விசயம் போலத் தெரியும், ஆனால் இதனால் இடம் இழந்தவர்கள் நிறையப் பேர். வகுப்பு தொடங்கி முதல் இரண்டு மூன்று கிழமையில் சிலர் வராமல் விடுவார்கள். அந்த இடங்களுக்கு ஆலோசகர் பட்டியலில் இருந்து ஒவ்வொருவராக ரெலிபோன் எடுப்பார். நீங்கள் எடுக்காவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். மலிவு சிம் கிடைத்தது என்று மாதத்துக்கொரு நம்பர் மாற்றுபவர்கள் அந்தக் காலத்தில் மட்டுமாவது மாற்றாமல் இருங்கள். தெரியாத நம்பரில் இருந்து அழைப்பு வந்தால் பயப்படாமல் எடுங்கள். ஈமெயில் கொடுத்திருந்தால் குப்பைப் பெட்டியையும் பாருங்கள்.

பயணச் செலவுக்கு உதவி இருக்கிறதா என்று பதியும் அன்றே கேளுங்கள். கொலிஜ்களிடம் அதற்கென்று ஒரு தொகை இருக்கும், தருவதா இல்லையா என்பது கொலிஜின் முடிவு. வருடம் போகப் போக அது குறைந்துகொண்டே வரும்.

பல்கலைக்கழகம் போக நினைப்பவர்களுக்கு

இங்கே கணக்கு வேறு. அகதிக் கோரிக்கையாளருக்கு அரசாங்கப் படிப்புக் கடன் கிடையாது. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அவரை வெளிநாட்டு மாணவராகக் கணக்கிடும். 2025-26 இல் இங்கிலாந்தில் உள்ளூர் மாணவருக்கான உச்சக் கட்டணம் வருடத்துக்கு 9,535 பவுண். வெளிநாட்டுக் கட்டணம் அதைவிடப் பல மடங்காகவும் இருக்கலாம். அகதி அந்தஸ்து கிடைத்தவர் உள்ளூர்க் கட்டணத்துக்கும் கடனுக்கும் விண்ணப்பிக்கலாம்.

கேஸ் முடியாதவர்களுக்கு இருக்கும் நல்ல வழி சாங்சுவரி ஸ்கொலஷிப் என்ற புலமைப்பரிசில். பல பல்கலைக்கழகங்கள் இதைத் தருகின்றன. கட்டணத்தை நீக்கி, சில இடங்களில் வாழ்க்கைச் செலவுக்கும் பணம் கொடுப்பார்கள். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு சில இடங்கள்தான். அநேகமாக முதலில் யூக்காஸ் மூலம் விண்ணப்பித்து இடம் கிடைத்திருக்க வேண்டும், பிறகுதான் புலமைப்பரிசிலுக்கு எழுதலாம். அதன் கடைசித் திகதிகள் பெரும்பாலும் இளவேனிலில் முடிந்துவிடும். யூக்காஸின் பிரதான கடைசித் திகதி ஜனவரியில், மருத்துவத்துக்கும் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜுக்கும் அதற்கு முந்திய ஒக்டோபர் 15. ஓகஸ்டில் எஞ்சிய இடங்களை நிரப்பும் கிளியரிங் நாட்களில் போனால் இடம் கிடைக்கக்கூடும், அதைப் படிக்கப் பணம் கிடைப்பது அபூர்வம். அந்த நாட்களில் பல்கலைக்கழகத்துக்கு ரெலிபோன் எடுத்தால் எடுப்பவர் மதிப்பெண் மட்டும்தான் கேட்பார், உங்கள் அந்தஸ்தைப் பற்றிக் கதைக்க நேரம் இருக்காது. ஆகவே இந்த அலுவலை முந்திய இலையுதிர் காலத்திலேயே தொடங்குங்கள். அட்மிஷன் ஆலோசகருக்கு ஈமெயில் போட்டு, உங்கள் நிலைமையைச் சொல்லி, புலமைப்பரிசிலுக்குப் பொறுப்பானவரின் பெயரைக் கேளுங்கள். ரெஃபியூஜி எடியூக்கேஷன் யூகே என்ற அமைப்பும் இளம் அகதிகளின் உயர்கல்வி பற்றி ஆலோசனை தருகிறது.

காசு வாங்கிக்கொண்டு "யூனிவேர்சிற்றி எடுத்துத் தாறன்" என்று சொல்பவர்களிடம் போகாதீர்கள். நீங்களே அனுப்பக்கூடிய விண்ணப்பத்துக்குத்தான் அவர்கள் நூற்றுக்கணக்கில் கேட்கிறார்கள். அதோடு, மாணவர் விசா எடுப்பதும் அகதிக் கோரிக்கையும் ஒன்றல்ல, இரண்டையும் குழப்பும் ஆள் உங்கள் கேஸையும் குழப்பிவிடுவார்.

ஏற்கனவே சேர்ந்தவர்கள், படித்துக்கொண்டிருக்கும்போது அந்தஸ்து கிடைத்தால், கடிதம் வந்த அன்றே ஆலோசகரிடம் சொல்லுங்கள். கட்டணமும் கடனும் எந்த ஆண்டில் இருந்து மாறும் என்பது கடிதத்தின் திகதியும் கல்வி ஆண்டு தொடங்கிய திகதியும் எப்படிப் பொருந்துகின்றன என்பதைப் பொறுத்தது.

இடையில் வேறு நகரத்துக்கு அனுப்பினால்

வகுப்பு தொடங்கி இரண்டு மாதத்தில் தங்குமிடத்தை மாற்றி வேறு ஊருக்கு அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. படிப்பு போகிறது என்று காட்டினால் மாற்றாமல் விடுவார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம். முக்கியமான பரீட்சைக் காலமென்றால் கொலிஜிடம் ஒரு கடிதம் வாங்கி சொலிசிற்றர் அல்லது எங்கள் அலுவலகம் மூலம் கேட்டுப் பார்க்கலாம். மாற்றுவது உறுதியென்றால், புறப்பட முன்பு ஆலோசகரிடம் போய் எந்தப் படியில் படித்தீர்கள், எத்தனை நாள் வந்தீர்கள், எந்தப் பரீட்சை முடிந்தது என்று ஒரு கடிதம் கேட்டு எடுங்கள். போன ஊரில் அதைக் காட்டினால் மட்டச் சோதனையைத் திரும்பச் செய்யாமல் சேர்க்க வாய்ப்பு உண்டு.

ஜனவரியில் தொடங்கும் வகுப்புகளுக்குப் பல கொலிஜ்கள் நவெம்பரிலேயே சோதனை வைக்கத் தொடங்கிவிடும். செப்டெம்பரில் இடம் கிடைக்காதவர்கள் ஒக்டோபர் விடுமுறைக் கிழமை முடிந்தவுடன் ஒருமுறை ஆலோசகருக்கு ரெலிபோன் எடுங்கள். வரிசை இருக்காது. கடிதங்களை வாசித்து விளங்கிக்கொள்ள உதவி தேவையானால் அசல்களோடு எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள், பிரதி எடுத்துத் தருவோம்.